ஏறுவதற்கு எத்தனை வழி!

தாதர் ஸ்டேஷனில் மேற்குப் பக்கமாக இறங்கினால் முதலில் உங்கள் மேல் இடிப்பது மனுஷன் இல்லை, சாமந்திப் பூ மூட்டை. அதற்குத் தப்பினால் கொத்தமல்லிக் கட்டு. இரண்டுக்கும் தப்பி, வடா-பாவ் வாசனைக்கும் தப்பி (இது மட்டும் கஷ்டம்) ஒரு பதினைந்து நிமிஷம் நடந்தீர்களானால் சட்டென்று பம்பாய் காணாமல் போய்விடும். எதிரே ஒரே வானம், ஒரே மண். சிவாஜி பார்க்!

1925-ல் பொதுமக்களுக்குத் திறந்தபோது இதன் பெயர் மாஹிம் பார்க். 1927-ல் சிவாஜியின் முந்நூறாவது பிறந்த ஆண்டையொட்டிப் பெயர் மாற்றினார்கள். 2020-ல் 'சத்ரபதி சிவாஜி மகராஜ் பார்க்' என்று இன்னும் மரியாதை கூட்டினார்கள். ஆனால் டாக்ஸிக்காரரிடம் அத்தனை நீளமாகச் சொன்னால் மீட்டரை அப்போதே போட்டுவிடுவார். சுமார் 28 ஏக்கர். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச் சுவர். இந்த ஊர்க்காரர்கள் அதைக் 'கட்டா' என்பார்கள். காதலர்கள், ரிடையரானவர்கள், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. மாட்டுங்காவாசியாக இருபத்திரண்டு வருஷம் தள்ளிவிட்ட எனக்கும் அதில் ஓர் இடம் உண்டு. டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் கட்டா வரை நடப்பேன்.

டெண்டுல்கரும் காம்ப்ளியும் அச்ரேகர் சாரிடம் ஆடக் கற்றுக்கொண்ட மைதானம் என்பதால் வருகிறவர்கள் எல்லாம் பிட்ச்சைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்ல வந்தது அந்த மூன்று குச்சி சமாசாரம் இல்லை. அங்கேயே இன்னொரு பக்கத்தில் நிற்கிற ஒற்றைக் கம்பம்.

அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் வெடித்த ஒரு சின்ன அணுகுண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் மனைவியின் அக்கா பெண் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். முப்பது வயசு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. யோகா போனாள், ஜிம் போனாள், இரண்டும் பிடிக்கவில்லை. கடைசியில் போல் டான்ஸ் வகுப்பில் சேர்ந்தாள். பிடித்துப் போயிற்று. முதுகு வலியும் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அவள் செல்போனில் இருந்த ஒரு படத்தை அவள் அப்பா பார்த்துவிட்டார்.

என் சகலை விழுப்புரத்துக்காரர். ரிடையர்டு தலைமையாசிரியர். இங்கிலீஷ் சினிமாவில் இருட்டு கிளப், சிவப்பு விளக்கு, கம்பி, கம்பியைச் சுற்றி ஒரு பெண் என்று எப்போதோ பார்த்து வைத்திருக்கிறார். மகள் படத்தில் விளக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் கம்பி இருந்ததே! அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். "அவ கம்பியில தொங்கறதுக்கா நான் இன்ஜினீயரிங் படிக்க வெச்சேன்?" என்று என்னிடம் போனில் கேட்டார். நான் என்ன சொல்ல? "லைன் சரியில்லை சகலை" என்று சொல்லி வைத்தேன்.

அந்த அம்மணிதான் போன டிசம்பரில் ஆபீஸ் வேலையாகப் பம்பாய் வந்து எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கினாள். முகம் சுரத்தாக இல்லை. அப்பா பேசாதது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆசைப்பட்ட வித்தையும் கைக்கு வரவில்லை.

"நாலு மாசமா ஒரே மூவ்ல மாட்டிக்கிட்டு நிக்கறேன் சித்தப்பா."

என்ன மூவ் என்றால், கம்பியில் ஒரு முழங்காலை மடக்கிக் கொக்கி மாதிரி மாட்டி, தலைகீழாக, இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தொங்குவது. கேட்டாலே எனக்குக் காப்பி மேலே வந்தது. அவளுக்குத் தொங்குவதில் பயம் இல்லை. அந்த நிலைக்குப் போவதில்தான் கஷ்டம். கீழே நின்று கம்பியைப் பிடித்து, கைவலுவாலும் வயிற்று வலுவாலும் இடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காலைக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். எம்பிக் குதித்துக் காலை வீசக்கூடாது, தோள் போய்விடும் என்று வகுப்பில் கண்டிப்பு. நியாயமான கண்டிப்புதான். ஆனால் குதிக்காமல் இழுத்து இழுத்து முழங்கை வீங்கிவிட்டது. டாக்டர், "டென்னிஸ் எல்போ" என்றாராம். டென்னிஸே ஆடாமல் எல்போ மட்டும் வந்த புண்ணியவதி!

"விட்டுடலாம்னு பார்க்கறேன். அப்பாவுக்கும் நிம்மதி, கைக்கும் நிம்மதி."

மறுநாள் காலை ஆறரைக்கு அவளை எழுப்பி சிவாஜி பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பார்க்கின் ஓரத்திலேயே இருக்கிறது ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திர். இதுவும் 1925-ல் தொடங்கியதுதான். மல்லகம்பத்துக்கு இந்த ஊரில் இதுதான் மூலஸ்தானம் என்றால் மிகையில்லை. இங்கே பல வருஷங்களாகச் சொல்லிக்கொடுத்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019 பிப்ரவரியில் முதல் உலக மல்லகம்பப் போட்டி நடந்ததும் இந்த சிவாஜி பார்க்கில்தான். பதினைந்து நாடுகளிலிருந்து வந்து நம் கம்பத்தில் ஏறினார்கள்.

உள்ளே போனால் ஒரே வாண்டுகள். எட்டு வயசு, பத்து வயசு. தேக்கிலோ சீசம் மரத்திலோ கடைந்தெடுத்த கம்பம் எட்டரை அடி உயரத்துக்கு நிற்கிறது. அடியில் பருமன், மேலே போகப் போக மெலிவு, அப்புறம் ஒரு கழுத்து, உச்சியில் ஒரு குமிழ். பெரிய சதுரங்கக் காய் மாதிரி. ஒரு பையன் கிண்ணத்திலிருந்து விளக்கெண்ணெயை எடுத்துக் கம்பத்துக்குத் தடவிக்கொண்டிருந்தான்.

அம்மணி திகைத்து நின்றுவிட்டாள்.

"எண்ணெயா? நாங்க ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கிட்டே இருப்போம் சித்தப்பா! துளி கிரீம் தடவிக்கிட்டு வந்தாக்கூட அன்னிக்கு கிளாஸ் போச்சு, வழுக்கிடும்."

எனக்கு விஷயம் இங்கேதான் ருசிக்க ஆரம்பித்தது. அவளுடையது ஸ்டீல் கம்பி. போட்டிகளில் நாலரை சென்டிமீட்டர்தான் குறுக்களவு. அதில் வெறும் தோல்தான் பிடிமானம். போல் டான்ஸ்காரர்கள் குட்டை டிராயர் போடுவதற்குக் காரணம் இதுதான். துணி இருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே வரவேண்டியதுதான். (இதைச் சகலைக்கு விளக்க யாருக்கு தைரியம்?) மரக் கம்பம் பருமன். உடம்பையே அதில் சுற்றிப் பின்னிப் புரள்கிறார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் உராய்ந்து தோல் உரிந்துவிடும். ஒருத்தர் வழுக்கக்கூடாது என்று துடைக்கிறார், இன்னொருத்தர் கொஞ்சம் வழுக்கவேண்டும் என்று தடவுகிறார்.

உடனே நான், "பார்த்தியா, உங்க போல் டான்ஸ் எல்லாம் இங்கேயிருந்து போனதுதான்!" என்றேன். கட்டாவில் உட்கார்ந்தால் இப்படிப்பட்ட அறிவிப்புகள் தானாக வரும். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் இல்ல. எங்களுது கிளப்ல ஆடின பொண்ணுங்க கண்டுபிடிச்சது, வளர்த்தது. அதை மறைச்சுட்டு 'இது புராதன இந்தியக் கலை'ன்னு பொட்டு வெச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர எனக்கு இஷ்டமில்ல."

சரியான பேச்சு. நான் வாயை மூடிக்கொண்டேன். 2012-ல் லண்டனில் உலகப் போட்டி நடத்துகிற அளவுக்கு அந்த வித்தை வளர்ந்திருக்கிறது. 2017-ல் சர்வதேச விளையாட்டு அமைப்புகளின் கூட்டமைப்பு அதற்குப் பார்வையாளர் அந்தஸ்து கொடுத்தது. நம் கம்பத்தின் கதையோ வேறு. மல்லர்கள், அதாவது மல்யுத்தக்காரர்கள், எதிராளி இல்லாத நேரத்தில் கட்டிப் புரள ஒரு மரம். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய 'மானசோல்லாச'த்திலேயே குறிப்பு இருக்கிறது. பிறகு மங்கிப்போய், இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் என்ற மல்யுத்த ஆசான் கையில் உயிர் பெற்றது. அனுமாரே வந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று ஓர் ஐதீகம். அந்த வாண்டுகளைப் பார்த்தால் ஐதீகத்தைச் சந்தேகிக்கத் தோன்றாது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று ஒரு பையன் கம்பத்தில் தலைகீழாக, இரண்டு காலாலும் கம்பத்தைப் பின்னிப் பிடித்துக்கொண்டு, கை கூப்பி 'நமஸ்தே' சொன்னான். நிலை கொஞ்சம் வேறு என்றாலும் அம்மணி ஆசைப்படும் சமாசாரம்தான். கால் பிடி, தலை கீழே, கை காற்றில். அவன் எப்படிப் போனான் தெரியுமா? கம்பத்தைப் பிடித்து ஒரு எம்பு எம்பினான். இடுப்பு தலைக்கு மேலே போயிற்று, கால் பின்னிக்கொண்டது. இதற்கு 'உடி' என்று பெயர். மராத்தியில் உடி என்றால் குதி.

அடுத்தவன் வந்தான். அதே நிலை. ஆனால் இவன் கம்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதையே அச்சாக வைத்து உருண்டு போனான். கையால் இழுக்கவே இல்லை. இது 'பகலி'. பகல் என்றால் அக்குள்.

மூன்றாவது ஒரு ரெட்டைப் பின்னல் சிறுமி. குதிக்கவும் இல்லை, இடுக்கவும் இல்லை. அவரைக்கொடி பந்தல் காலில் சுற்றிக்கொண்டு ஏறுமே, அந்த மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போனாள். அதற்குப் பெயரே 'வேல்', அதாவது கொடி. உச்சிக்குக் கிட்டே போய், ஒரு நிமிஷம் சாவகாசமாக உட்கார்ந்து, மூக்கைச் சொறிந்துகொண்டு, அங்கிருந்து பின்னால் சாய்ந்து தலைகீழாக இறங்கி வந்தாள். 'நமஸ்தே'!

நாலாவது ஒருவன், கையால் கம்பத்தைப் பிடித்து, அந்தக் கைக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் உடம்பை நுழைத்து வெளியே வந்தான். 'சுயி-தோரா'. ஊசி நூல்! இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் உடம்பில் எங்கெங்கோ சுளுக்கிக்கொண்டது.

அம்மணி அந்த ரெட்டைப் பின்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "திரும்பப் பண்ணச் சொல்லுங்க சித்தப்பா" என்றாள். எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன். அந்தச் சிறுமி என் மராத்தியைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் மூன்று தடவை செய்து காட்டினாள்.

தொடர்ந்து நாலு நாள் போனோம். சொல்லிக்கொடுக்கிற அம்மாள் ஒருவர், ஐம்பது வயசிருக்கும், கயிறு மாதிரி உடம்பு, அம்மணியை முதலில் கயிற்றில்தான் விட்டார். மேலேயிருந்து தொங்குகிற பருத்திக் கயிறு. முடிச்சுப் போடக்கூடாது. கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றை இடுக்கிக்கொண்டு ஏற வேண்டும். "ஐயோ சித்தப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் அந்தப் பக்கம் பௌலிங் போட ஓடிவந்த பையன் நின்றுவிட்டான். இந்தக் கயிற்றில் பார்வையில்லாத பெண்களுக்கும் இங்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பார்த்துக் காப்பியடிக்க வழியில்லாதவர்களுக்கு, எந்த விரலில் தொடங்கி எங்கே போகிறோம் என்பதைத் தொட்டுத் தொட்டே சொல்லியாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, அந்த அம்மாள் கையால் பேசினார்.

நாலாவது நாள் அம்மணி தன் பிரச்னையைச் சொன்னாள். அந்த அம்மாள் முழங்கையை அமுக்கிப் பார்த்தார். பிறகு இந்தியும் மராத்தியுமாகக் கேட்டதன் தமிழாக்கம் இது: "நீ எதுக்குக் கீழே நின்னுக்கிட்டு மல்லுக்கு நிக்கறே? ஏறத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏறி உட்காரத் தெரியுமா?"

"தொடையால பிடிச்சு உட்காருவேன். அது முதல் மாசமே வந்துடுச்சு."

"அப்ப மேலேயிருந்து போ."

அவ்வளவுதான்! காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்க முடியாத ஆள்கூட அதை மெதுவாகப் படிப்படியாகக் கீழே இறக்கிவிடுவார், பார்த்திருக்கிறீர்களா? நம் தசைகளின் சங்கதி அப்படி. தூக்குவதைவிட இறக்கும்போது அதிக பாரம் தாங்கும். இடுப்பைத் தலைக்கு மேல் தூக்குவதற்குப் பதிலாக, உயரத்தில் உட்கார்ந்துகொண்டு தலையை இடுப்புக்குக் கீழே இறக்கினால் வந்து சேர்கிற இடம் ஒன்றுதானே? இப்படி இறக்கி இறக்கிப் பழகினாலே வயிறு வலுத்து, ஒரு நாள் கீழேயிருந்து தூக்கவும் வந்துவிடும் என்றார்.

ஆனால் ஒன்று. கீழேயிருந்து போகிறவன் தோற்றால் கால் தரையில்தான் இருக்கும். மேலேயிருந்து போகிறவன் தோற்றால் தலை முதலில் வரும். அதனால் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறக்கூடாது, கீழே மெத்தை வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். அப்படியே அந்த மரக் கம்பத்தில், தானே பக்கத்தில் நின்று, முதுகுக்குக் கை கொடுத்து அவளைச் சாய்த்தார். அம்மணியின் ஜடை தொங்கித் தரையைத் தொட்டது. முகம் செக்கச்செவேல் என்று ஆயிற்று. தலைகீழாக என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை, பம்பாய் வந்த பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே தடவியிருந்த விளக்கெண்ணெய் வாசனை மட்டும் இரண்டு நாள் குளித்தும் போகவில்லை. என் மனைவி பாத்ரூம் டவலைத் தனியாகத் துவைத்தாள்.

பெங்களூர் திரும்பிய பின் அவள் வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறாள். அங்கேயும் அந்த வழி தெரிந்ததுதானாம். கம்பியில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து, ஒரு கையைக் கீழே கொடுத்து, ஒரு காலை விடுவித்து முழங்காலை மாட்டுவது. பெரும்பாலோருக்குக் கீழேயிருந்தே வந்துவிடுவதால் அதை அப்புறமாகச் சொல்லித் தருகிற பழக்கம். கேட்டதும் மெத்தையை இழுத்துப் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்கு வீடியோ வந்தது. இருபது விநாடி. ஏறுகிறாள், உட்காருகிறாள், சாய்கிறாள், கால் மாட்டுகிறது, இரண்டு கையும் விடுகிறது. கடைசியில் கை கூப்பி ஒரு 'நமஸ்தே'! அது போல் டான்ஸில் கிடையாது. ரெட்டைப் பின்னலின் சீதனம். என் மனைவி அதைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்பது தடவை பார்த்தாள். பத்தாவது தடவையாக, யாரையும் கேட்காமல், அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். அக்காவின் செல்போன் இரவு முழுக்கச் சகலையின் தலைமாட்டில்தான் சார்ஜ் ஆகும் என்பது உலகறிந்த விஷயம்.

காலை ஆறு மணிக்கு போன். சகலை.

"அது என்ன சகலை, அவ ஏறினது? நம்ம ஊர்ல பசங்க ஏறுவாங்களே, மல்லர் கம்பம், அதுவா?"

தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றால் விழுப்புரம்தான். அந்தப் பையன்கள் தென்னை மரத்து அணில் மாதிரி ஏறி இறங்குவதை இவர் பள்ளிக்கூட மைதானத்திலேயே பார்த்திருக்கிறார்; பரிசு கொடுத்துக் கைகுலுக்கியும் இருக்கிறார். 'நரசிம்மவர்ம பல்லவனுக்கு மாமல்லன்னு பேர் வந்ததே எதனால தெரியுமா?' என்று ஒரு தடவை என்னை ரயில் முழுக்க அறுத்திருக்கிறார். 'ஆமாம், அதுவேதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சமாதானக் கொடி பறக்கும். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பொட்டு வைத்துக் கூட்டிவர இஷ்டமில்லை என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

"இல்லை சகலை. அது வேற, இது வேற. இது அவ கத்துக்கற போல் டான்ஸ்தான். ஆனா கடைசியில கும்பிடு போட்டது மட்டும் மல்லர் கம்பம்."

மறுமுனையில் சத்தம் இல்லை. இந்த முறை லைன் நன்றாகத்தான் இருந்தது.

"கம்பியில எண்ணெய் தடவலையே... வழுக்காதா?"

"அதுக்குத் தடவக் கூடாதாம். துடைக்கணுமாம்."

"ம்." மறுபடி மௌனம். "கீழே மெத்தை போட்டிருக்கே, அது எவ்வளவு மொத்தம்?"

"நாலு இன்ச் இருக்கும்."

"பத்தாது. எங்க ஸ்கூல்ல ஹைஜம்ப்புக்கே அதைவிட அதிகமா போடுவோம். எட்டு இன்ச்சா ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. பணம் நான் அனுப்பறேன்."

"நீங்களே சொல்லிடுங்களேன் சகலை."

"இப்ப தூங்கிட்டிருப்பா. எட்டு மணிக்கு மேல பண்றேன்" என்று போனை வைத்தார்.